எலிக்காவின் காது

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளை எல்லாரும் எலிக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எலிகளைப் பார்த்துக்கொள்கிற அக்கா, அதனால் எலிக்கா. முதலில் அப்படிக் கூப்பிட்டது யார் என்று யாருக்கும் நினைவில்லை. இருபத்தாறு வருடமாக அந்தக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், எலிகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பதுதான் அவள் வேலை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

"எலிகிட்ட எப்படிக் கேப்பீங்க? கேக்குதான்னா தலையாட்டுமா?"

"ஆட்டாது. ஆனா பொய் சொல்லாது" என்பாள் எலிக்கா.

எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, வெதுவெதுப்பான சிறு மெத்தைமேல் கிடத்தி, உச்சந்தலையிலும் காதுக்குப் பின்னாலும் மெல்லிய ஊசிகளைத் தோலுக்கடியில் செருகுவாள். ஸ்பீக்கரில் டிக் டிக்கென்று ஒலி கொடுப்பாள். காது கேட்டால் மூளை பதில் சொல்லும். அந்தப் பதில் திரையில் ஐந்து சின்ன மேடுகளாக எழும். ஒலியைக் குறைக்கக் குறைக்க மேடுகள் தாழ்ந்துகொண்டே வரும். எந்த அளவில் மேடு என்று சொல்ல எதுவும் மிச்சமில்லையோ, அந்த எண்ணை எழுதிக்கொள்வாள். இளம் எலிக்குச் சிறிய எண் வரும். கிழட்டு எலிக்குப் பெரிய எண். சில கிழடுகளுக்கு ஸ்பீக்கர் முழு பலத்தோடு அலறினாலும் திரையில் ஒன்றுமே எழாது.

அவள் கையில் அப்போது இருந்தது நாற்பது கிழட்டு எலிகள். முதுமையில் காது மந்தமாவது காதின் குற்றம் மட்டும் இல்லை, உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி கிழடு தட்டுவதும் அதற்கு ஒரு காரணம் என்று கூடத்தின் தலைவரான டாக்டர் நினைத்தார். எலிக்காவைவிட அவர் பத்து வயது சின்னவர். நாற்பதில் பாதி எலிகளுக்கு, இளம் எலிகளிடமிருந்து எடுத்த எதிர்ப்புச் செல்களை மாதம் ஒருமுறை வால் நரம்பில் ஏற்றினார்கள். மீதிப் பாதிக்கு வெறும் உப்புநீர். எந்த எலிக்கு எது என்பது டாக்டரின் பூட்டிய மேசைக்குள் இருந்த பட்டியலுக்கு மட்டும் தெரியும். எலிக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் கூண்டு எண்கள். அந்த எலிகளுக்கு வயது இருபத்தொரு மாதம் ஆகியிருந்தது. இதை அடைய இருபத்தொரு மாதம் காத்திருந்தார்கள். கிழட்டுத்தனத்தை யாரும் கடையில் வாங்கி வர முடியாது.

அது ஒரு சனிக்கிழமை. மாடியில் இரண்டே பேர். எலிக்கா, இன்னொருவர் கூண்டுக்காரர். அழுக்குக் கூண்டுகளைக் கழுவி, உலர்த்தி, புது மரத்தூள் பரப்பி அடுக்குவது அவர் வேலை. ஐம்பதை நெருங்குகிறவர், அதிகம் பேசமாட்டார்.

காலை ஒன்பதரைக்கு எலிக்கா நான்கு எலிகளை எடுத்துக்கொண்டு ஒலி புகாத அறைக்குள் போனாள். இரண்டை முடித்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் பதினொன்றுக்கு வெளியே வந்தாள். நடையில், எலி அறையின் மூடிய கதவுக்கு எதிரே நின்றுதான் குடித்தாள். அப்போது கூண்டுக்காரர் தள்ளுவண்டியோடு வந்தார். கதவருகே நின்று தலையைச் சாய்த்தார்.

"அக்கா, ஏதோ கீச்சுகீச்சுன்னு கேக்குதே."

எலிக்கா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். தள்ளுவண்டிச் சக்கரம் அசைகிற சத்தம், ஏசியின் உறுமல். வேறொன்றும் இல்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"சன்னமா இருக்கு. உள்ளேருந்து வர்ற மாதிரி..."

"நாள் பூரா கூண்டு கழுவற மெஷின் பக்கத்துல நிக்கறீங்க இல்ல தம்பி? காதுக்குள்ளயே கத்தும். நான் இருபத்தாறு வருஷமா காதோட மாரடிக்கறேன். போங்க, போய் வேலையப் பாருங்க" என்று சிரித்தாள்.

அவரும் சிரித்தார். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். பதினோரு மணிக்கு எலி அறையைத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டியது அவர் பொறுப்பு. அக்காவே கதவருகில் நிற்கிறாள் என்பதால் திறக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மற்ற இரண்டு எலிகளையும் முடித்துக்கொண்டு எலிக்கா ஒன்றரைக்கு எலி அறைக் கதவைத் திறந்தாள். உள்ளே இருட்டில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. இரண்டாவது அடுக்குக்குக் காற்று அனுப்பும் மோட்டார் நின்றிருந்தது. அந்த அடுக்கின் கூண்டுகள் இறுக்கமாக மூடியவை. கிருமி புகாமலிருக்க அப்படி. குழாய் வழியாகக் காற்று போனால்தான் உள்ளே மூச்சு.

அவள் கூண்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடியைத் திறந்தாள். சில எலிகள் மூலையில் சுருண்டு வேகவேகமாக மூச்சு வாங்கின. சில அசையவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தாள். உடம்பில் இன்னும் லேசாகச் சூடு இருந்தது. செத்தவற்றை எண்ணினாள், பதினொன்று.

பிறகுதான் ஒன்று அவளுக்கு உறைத்தது. விளக்கு எரிகிறதென்றால் அலாரமும் அடித்திருக்க வேண்டும். அது ஏன் அடிக்கவில்லை? அலாரப் பெட்டியருகே குனிந்தாள். இன்னும் குனிந்து, வலது காதைப் பெட்டியின் மேலேயே வைத்தாள். எங்கோ பக்கத்து வீட்டில் கொசு பாடுவதுபோல ஏதோ ஒன்று. இருக்கிறதா, இல்லையா என்று சந்தேகப்படும்படி. அவ்வளவுதான்.

திறந்த கதவு வழியே சத்தம் கேட்டுப் பின்னால் ஓடிவந்த கூண்டுக்காரர் வாசலிலேயே இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"அய்யோ, அக்கா, முதல்ல அதை நிறுத்துங்க! காது கிழியுது!"

எலிக்கா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பொத்திய கைகளைப் பார்த்தாள். பிறகு பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். அவர் கைகளை இறக்கினார். அவளுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

*

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று மாலை நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். எலிக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே வந்து உட்கார்ந்தாள். நடந்ததை முழுவதும் சொன்னாள். அவர் ஊசியைக் கீழே வைக்கவில்லை, தைக்கவும் இல்லை.

"எனக்குக் காது கேக்கலையா?" என்று கேட்டாள்.

அவர் ஊசியிலிருந்த நூலை நீவிவிட்டார்.

"உங்களைத்தான் கேக்கறேன். உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டு வருஷமா" என்றார்.

"ரெண்டு வருஷமாவா?"

"எனக்குச் சத்தம்தானே பொழப்பு. லிஃப்ட் மேல ஏறும்போது எந்த பேரிங் போச்சுன்னு காதாலதான் கண்டுபிடிக்கறேன். வீட்டுல ஒருத்திக்குக் கேக்கலைன்னா தெரியாதா? காலிங் பெல் அடிச்சா நான்தான் ஓடறேன். குக்கரை நான்தான் எண்ணறேன். உன் பொண்ணு ஃபோன்ல கத்திக் கத்திப் பேசறாளே, அவளுக்கென்ன கிறுக்கா?"

"அவளுக்கும் தெரியுமா?"

"பேரனுக்கே தெரியும்."

எலிக்காவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை நாளாக அவர் வாய்க்குள்ளேயே பேசுகிறார், வயதாகிவிட்டது, பல்லைப் பார்க்கவேண்டும் என்று சண்டை போட்டிருக்கிறாள். மகள் ஃபோன் கம்பெனியைக் குறை சொன்னதையும் நம்பியிருக்கிறாள்.

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னேன். மூணு தடவை சொன்னேன். நீ கேக்கலை."

அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அந்த வார்த்தைக்கு இரண்டு பக்கமும் இருப்பது அவருக்கே புரிந்தது. பொத்தானைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எலிக்கா எழுந்து போய் முகம் கழுவினாள். குழாயை மூடிய பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

ஞாயிறு முழுவதும் அவள் அந்த எலிகளைப் பற்றி நினைக்கவில்லை. நினைத்ததெல்லாம் கூண்டுக்காரரை. அவர் சொன்னார். தன் காதால் கேட்டதைச் சரியாகச் சொன்னார். "போங்க, போய் வேலையப் பாருங்க" என்று அனுப்பியது அவள்.

*

திங்கட்கிழமை டாக்டரின் அறையில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். நான்காவது ஆள் கட்டட நிர்வாகி. அவர் கையில் ஒரு தாள். மோட்டார் நின்றது பத்து இருபதுக்கு, அலாரம் அடிக்கத் தொடங்கியது பத்து இருபத்தொன்றுக்கு, நிறுத்தப்பட்டது ஒன்று முப்பத்தெட்டுக்கு என்று அலார மெஷினே எழுதிவைத்திருந்தது.

"மூணு மணி நேரத்துக்கு மேல அடிச்சிருக்கு" என்றார் நிர்வாகி. "எலிக்கா சவுண்ட் ரூம்ல இருந்திருக்காங்க. அந்தக் கதவை மூடிட்டா இடி விழுந்தாலும் கேக்காது, அது எல்லாருக்கும் தெரியும். அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை." பிறகு கூண்டுக்காரர் பக்கம் திரும்பினார். "ஆனா பதினோரு மணி செக்குல உங்க கையெழுத்து இருக்கு. உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"இல்லை சார்."

"பாக்காமலே போட்டீங்களா?"

"ஆமா சார். தப்புதான்."

அதோடு நிறுத்திக்கொண்டார். எலிக்கா காத்திருந்தாள். 'அக்காகிட்டச் சொன்னேன் சார், அவங்கதான் ஒண்ணுமில்லைன்னாங்க' என்று அடுத்த வாக்கியம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோப்புத் தண்ணீரிலேயே ஊறி வெளுத்துப்போன கைகள்.

சும்மா இருந்துவிடலாம். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருடம். இதெல்லாம் ஒரு மூச்சு நேரத்துக்கு அவள் மனதில் ஓடியது என்பதைப் பிற்பாடு அவளே கணவரிடம் ஒப்புக்கொண்டாள்.

"அவர் எங்கிட்டச் சொன்னாரு" என்றாள்.

டாக்டர் நிமிர்ந்தார்.

"பதினோரு மணிக்கு நான் வெளியிலதான் இருந்தேன். அந்தக் கதவுக்கு முன்னாடி நின்னு தண்ணி குடிச்சிட்டு இருந்தேன். ஏதோ கத்துதுன்னு இவர் சொன்னாரு. நான்தான் இல்லைன்னு விரட்டினேன். ஏன்னா எனக்குக் கேக்கலை. ஒன்றரை மணிக்கு உள்ள போய் நின்னப்பவும் கேக்கலை. காதைப் பெட்டிமேல வச்சுப் பாத்தேன் டாக்டர். அப்பவும் கேக்கலை."

நிர்வாகி தாளை ஒருமுறை மடித்தார், மறுபடி பிரித்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எவ்வளவு நாளா?"

"எனக்கு மூணு நாளா தெரியும். வீட்டுல ரெண்டு வருஷமா தெரியுமாம்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது. ஆனால் கண் கலங்கியிருந்தது. "நானும் கவனிச்சிருக்கணும்" என்றார். "மீட்டிங்ல நீங்க எப்பவும் என் எதிர் நாற்காலியிலதான் உட்காருவீங்க. மரியாதைன்னு நினைச்சேன்."

எலிக்காவுக்கே அப்போதுதான் தெரிந்தது. வாய் அசைவைப் பார்க்கத்தான் அந்த நாற்காலி.

வெளியே வந்ததும் கூண்டுக்காரரை நடையில் நிறுத்தினாள்.

"ஏன் தம்பி சொல்லலை?"

"சொன்னா உங்களுக்கு வேலை போயிடும்னு நினைச்சேன். எனக்குன்னா திட்டோட போயிடும்."

"அப்படியெல்லாம் எனக்காக வாயை மூடிட்டு இருக்காதீங்க. இனிமே எனக்கு உங்க வாய்தான் காது."

அவர் தலையாட்டினார். அன்றிலிருந்து எலிக்காவிடம் பேசும்போது கொஞ்சம் முன்னால் வந்து, முகத்துக்கு நேரே நின்று பேசினார்.

*

அந்த வாரமே அவளுக்குச் சோதனை நடந்தது. ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பாதி நேரம் கேட்டதா, கேட்டதாக நினைத்துக்கொண்டாளா என்று அவளுக்கே புரியவில்லை. எலிக்கு அந்தக் கஷ்டம் இல்லை என்று தோன்றியது. சோதித்த பெண் வரைபடத்தைக் காட்டினாள். கனத்த ஒலிகளுக்குக் கோடு ஓரளவு சமமாக ஓடி, கீச்சொலிகளின் பக்கம் மாடிப்படியிலிருந்து தவறி விழுந்ததுபோல இறங்கியது. விளக்கம் தேவைப்படவில்லை. அந்தச் சரிவை ஆயிரம் தடவை வரைந்தவள் அவள்.

டாக்டர் இரத்தமும் எடுக்கச் சொன்னார். மனிதர்களிடமும் இதைப் பார்க்க ஒரு தனி ஆய்வு தொடங்கியிருந்தது. ஐம்பத்தைந்து தாண்டியவர்கள், காதும் இரத்தமும் சேர்த்து. எலிக்கா படிவத்தை நிரப்பினாள். சென்ற மூன்று ஆண்டுகளில் வந்த நோய்கள் என்ற இடத்தில் யோசித்தாள். போன வருடம் இடுப்பைச் சுற்றி அக்கி வந்து மூன்று வாரம் துடித்தாள். அதற்கு முன் ஒரு சளி இரண்டு மாதம் போகவே இல்லை. எழுதினாள். எழுதியதை மறுபடி படித்தாள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில், கணவர் அவள் காதருகே குனிந்து கேட்டார்.

"அக்கிக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இருக்கான்னுதான் பாக்கறாங்க. நெஞ்செலும்புக்குப் பின்னாடி ஒரு சுரப்பி இருக்கு. நோயோட சண்டை போடற செல்லுக்கெல்லாம் அதுதான் பள்ளிக்கூடம். வயசாக ஆக அது சுருங்கிடும். புதுசா ஆள் வர்றது குறைஞ்சுடும். இருக்கற பழைய ஆளுங்க, வரவேண்டிய இடத்துக்கு வர்றதில்லை. அப்பத்தான் உள்ள தூங்கிட்டிருந்த அக்கிக் கிருமி எழுந்துக்கும்."

"சரி."

"அதே ஆளுங்க, வேண்டாத இடத்துல போய் வம்பு பண்ணுவாங்க. உடம்பு பூரா அடுப்பை சிம்ல வச்ச மாதிரி ஒரு அழற்சி, அணையாம. காதுக்குள்ள இருக்கற செல்லு ரொம்ப நுணுக்கமானது. ஒரு தடவை செத்தா மறுபடி முளைக்காது."

கணவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். "அதாவது வாட்ச்மேன் கிழவனாயிட்டான். திருடன் வந்தா தூங்கறான். மத்த நேரத்துல வீட்டுக்காரன் கண்ணாடியையே கல்லால அடிச்சு உடைக்கறான்."

"கிட்டத்தட்ட."

"உனக்கு அப்படித்தான் ஆச்சா?"

"அது யாருக்கும் தெரியாது. வயசு, பரம்பரை, நம்ம வீட்டு மிக்ஸி, எதுவா வேணா இருக்கலாம். எலியிலயே இன்னும் முடிவாகலை. அந்த முடிவைத்தான் நான் கொன்னுட்டேன்."

"நீ கொல்லலை" என்றார் அவர். பஸ் திரும்பிய சத்தத்தில் அது அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் உதடுகளைப் பார்த்தாள்.

*

மீதியிருந்த எலிகளை வைத்து எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. டாக்டர் ஆய்வை முதலிலிருந்து தொடங்கினார். புது எலிகள் வந்தன. அவை கிழடாக மறுபடி இரண்டு வருடம். எலிக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. தனியாக எலி அறைப் பொறுப்பில் இருக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. நியாயம்தான் என்று கையெழுத்துப் போட்டாள். நடையில் மூன்று இடங்களில் பளிச்சென்று மின்னும் விளக்குகள் மாட்டினார்கள். அளக்கும் வேலை அவளிடமே இருந்தது, ஏனென்றால் அது கண்ணால் செய்கிற வேலை.

காதுக் கருவி மாட்டிக்கொண்ட முதல் பத்து நாள் நரகம். தட்டு வைக்கிற சத்தம் மண்டையில் அறைந்தது. கணவரின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்ததுபோல இருந்தது. "இவ்வளவு நாளா இந்தக் குரலோடவா குடும்பம் நடத்தினேன்?" என்றாள். "கழட்டிடு, கழட்டிடு, பழைய மாதிரியே கத்தறேன்" என்றார் அவர். அவள் கழற்றவில்லை. ஒரு மாதத்தில் பழகிப்போயிற்று. முழுவதும் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கூட்டத்தில் நான்கு பேர் சேர்ந்து பேசினால் இன்றைக்கும் அவளுக்குக் குழம்பும்.

புது எலிகளுக்கு இருபது மாதமானபோது எலிக்கா ஓய்வு பெற்றாள். கடைசியாக அவள் அளந்த எலிக்குச் சராசரியான எண்தான் வந்தது. அது எந்தப் பாதியைச் சேர்ந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

ஆறு மாதம் கழித்து ஒரு காலைவேளையில் டாக்டரின் ஃபோன் வந்தது. பட்டியலைத் திறந்துவிட்டார்களாம். இளம் செல் ஏற்றிய எலிகளுக்கும் மற்றவற்றுக்கும் சராசரியாகப் பன்னிரண்டு டெசிபல் வித்தியாசம். போன காதைத் திருப்பித் தரவில்லை, ஆனால் இழப்பைத் தள்ளிப்போட்டிருக்கிறது. இன்னொரு கூடத்திலும் இப்படியே வந்தால்தான் நம்பலாம் என்றும் டாக்டர் சொன்னார்.

"உங்க பேரும் கட்டுரையில வருது" என்றார். "செத்துப்போன பதினொண்ணைப் பத்தியும் எழுதியிருக்கேன். மறைக்கலை."

"நல்லது டாக்டர்" என்றாள் எலிக்கா. ஃபோனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். கணவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள்.

"பன்னெண்டுன்னா ரொம்பவா, கொஞ்சமா?"

"பக்கத்து அறையில பேசறது புரியறதுக்கும் புரியாம இருக்கறதுக்கும் நடுவுல இருக்கற அளவு."

"அப்ப உனக்கு அந்த ஊசி கிடைக்குமா?"

"எனக்கா? இல்லைங்க. மனுஷனுக்கு வர எத்தனை வருஷம் ஆகுமோ. வருமான்னே தெரியாது. எனக்குப் போனது போனதுதான்."

"பின்ன இதெல்லாம் யாருக்கு?"

எலிக்கா யோசித்தாள். மகளுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது, அவளுக்கு வயதாவதற்குள் வந்தாலும் வரலாம். ஆனால் அதையும் வாக்காகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"தெரியலை. யாருக்காவது" என்றாள்.

அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார். அவள் இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.